'அல்ல' என்றால் மீதி எல்லாம்: நிரலின் நிபந்தனைகளில் மறுப்பு

2009 ஜனவரி 7 அன்று ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டத்தினர் ஒரு பாதுகாப்பு அறிவிப்பை வெளியிட்டனர். இணையத்தில் இரு கணினிகள் பிறர் படிக்க இயலாதபடி பேசிக்கொள்வதற்கு உலகெங்கும் பயன்படும் நிரல் தொகுப்பு ஓப்பன்எஸ்எஸ்எல். ஒரு சர்வர், தான் இன்னார் என்று நிறுவுவதற்காக அனுப்பும் மின்கையொப்பத்தைச் சரிபார்க்கும் இடத்தில் வழு இருந்தது. டிஎஸ்ஏ, ஈசிடிஎஸ்ஏ என்னும் கையொப்ப முறைகளின் சாவிகளைப் பயன்படுத்தும்போது, வேண்டுமென்றே உருக்குலைக்கப்பட்ட கையொப்பம் ஒன்றை அனுப்பினால், அது செல்லுபடியாகும் கையொப்பமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. இதற்குக் காரணம் கணிதத்தில் நேர்ந்த பிழை அல்ல. சரிபார்க்கும் செயற்கூறு (ஒரு வேலையைச் செய்து விடை தரும் நிரல் பகுதி) மூன்று விதமான விடைகளைத் தரக்கூடியது: கையொப்பம் சரியென்றால் 1, தவறென்றால் 0, சரிபார்க்கவே முடியாதபடி வேறு ஏதேனும் கோளாறு நேர்ந்தால் -1. அந்தச் செயற்கூற்றை அழைத்த சில இடங்களில் இருந்த நிபந்தனையைத் தமிழ்ப் பெயர்கள் இட்டு எழுதினால் இப்படி இருக்கும்:

!விடை எனில், நிராகரி

சி மொழியில் ! என்னும் குறி, தனக்கு அடுத்து வருவது சுழியா என்பதை மட்டுமே கேட்கிறது. சுழி என்றால் 1 என்றும், வேறு எதுவாக இருந்தாலும் 0 என்றும் விடை தருகிறது. -1 சுழி அல்ல என்பதால் நிராகரிக்கும் வரி இயங்கவில்லை. கோளாறு வெற்றியாக நடந்து உள்ளே போய்விட்டது. திருத்தம் மிகச் சிறியது:

விடை <= 0 எனில், நிராகரி

இந்த வழுவை எழுதியவர் கவனக்குறைவானவர் என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. அது நியாயம் அன்று. "சரியில்லை என்றால் நிராகரி" என்று மனத்தில் நினைத்ததை அவர் அப்படியே எழுதினார். ஆனால் மனத்தில் இருந்த 'இல்லை'யும் நிரலில் விழுந்த 'இல்லை'யும் ஒன்றாக இல்லை. மனித மொழியில் ஒன்றை மறுக்கும்போது அதற்கு எதிரான ஒன்றைத்தான் நாம் எண்ணிக்கொள்கிறோம்: சரி இல்லை என்றால் தவறு, பகல் இல்லை என்றால் இரவு. நிரலில் மறுப்பு அப்படி ஓர் எதிர்ப்பொருளைச் சுட்டுவதில்லை. மறுக்கப்பட்டதைத் தவிர மீதி இருக்கும் அனைத்தையும், நாம் எண்ணிப் பார்த்தவற்றையும் பார்க்காதவற்றையும், ஒரே கூடையில் அள்ளிப் போடுவதுதான் அதன் வேலை. மீதி என்பது எவ்வளவு பெரியது என்று தெரியாமல் எழுதப்படும் மறுப்பே பெரும்பாலான நிபந்தனை வழுக்களின் பிறப்பிடம் என்பது என் கருத்து.

தமிழ் பேசுபவருக்கு இந்த வேறுபாட்டை உணர ஒரு நல்ல வாய்ப்பு மொழியிலேயே இருக்கிறது. "அது மாடு அல்ல" என்பதும் "அங்கே மாடு இல்லை" என்பதும் நமக்கு வேறு வேறு செய்திகள். முதலாவது, ஒரு பொருள் இருக்கிறது, அது வேறொன்று என்கிறது. இரண்டாவது, பொருளே இல்லை என்கிறது. பேச்சுவழக்கில் இரண்டும் 'இல்லை'யில் கலந்துவிட்டாலும் எழுத்துத் தமிழ் இவற்றைப் பிரித்தே வைத்திருக்கிறது. பல நிரல்மொழிகளில் ! அல்லது 'நாட்' என்னும் ஒரே குறி இந்த இரண்டு வேலைகளையும் செய்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் !வயது என்று எழுதினால், வயது தரப்படவில்லை என்பதற்கும் வயது 0 என்பதற்கும் ஒரே விடைதான் கிடைக்கும். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையின் படிவத்தை "வயதை நிரப்பவும்" என்று திருப்பி அனுப்பும் நிரல் இப்படித்தான் உருவாகிறது. எழுதியவர் கேட்க நினைத்தது "வயது இல்லையா?", நிரல் கேட்டது "வயது சுழியோ, வெறுமையோ, இல்லாமையோ, இவற்றுள் ஏதேனும் ஒன்றா?"

பைத்தான் மொழியின் வரலாற்றில் இதற்கு ஓர் அழகான சான்று உண்டு. நாளின் ஒரு நேரத்தைக் குறிக்கும் பொருள் நள்ளிரவு 00:00 ஆக இருந்தால், அதை 'பொய்' என்றே அம்மொழி பல ஆண்டுகள் கருதிவந்தது. நேரம் குறிக்கப்படவில்லை என்றால் ஒன்றைச் செய் என்று எண்ணி 'நாட் நேரம்' என்று எழுதிய நிரல், நாள் முழுதும் சரியாக ஓடும். சரியாக நள்ளிரவைக் குறிக்கும் மதிப்பு வந்தால் மட்டும் நேரமே இல்லை என்று முடிவுசெய்யும். சோதித்துப் பார்ப்பவர் கண்ணில் படவே படாத வழு இது. நீண்ட விவாதத்துக்குப் பிறகு 2015இல் வெளிவந்த 3.5 பதிப்பில் இந்த நடத்தை மாற்றப்பட்டது. மொழியை வடிவமைத்தவர்கள் சரிசெய்யும்வரை காத்திருக்காமல், இல்லாமையைச் சோதிக்க வேண்டிய இடத்தில் இல்லாமையையே பெயர் சொல்லிச் சோதிப்பது நல்லது. பைத்தானில் 'நேரம் இஸ் நன்' (நன் என்பது அம்மொழியில் 'எதுவும் இல்லை' என்னும் மதிப்பு) என்று எழுதுவதற்கு ஆகும் கூடுதல் எழுத்துகள் ஒரு செலவே அல்ல.

கூட்டு நிபந்தனைகளுக்கு வரும்போது சிக்கல் இன்னொரு திசையில் திரும்புகிறது. பயனரிடம் "சரி" அல்லது "வேண்டாம்" என்ற இரண்டில் ஒன்றைக் கேட்கிறோம்; வேறு எதையாவது தட்டினால் மறுபடி கேட்க வேண்டும். புதிதாகக் கற்பவர்களில் பலர் முதலில் எழுதுவது இது (!= என்றால் 'சமம் அல்ல', || என்றால் 'அல்லது'):

பதில் != "சரி" || பதில் != "வேண்டாம்" எனில், மறுபடி கேள்

இந்த நிபந்தனை எப்போதும் மெய்யாகவே இருக்கும். பதில் "சரி" என்றால் அது "வேண்டாம்" அல்ல. "வேண்டாம்" என்றால் அது "சரி" அல்ல. ஆகவே இரண்டு பகுதிகளில் ஒன்றாவது எப்போதும் மெய், பயனர் முடிவே இல்லாமல் தட்டிக்கொண்டிருப்பார். "சரி அல்லது வேண்டாம் என்று வராவிட்டால்" என்று பேச்சில் சொல்வதைச் சொல்லுக்குச் சொல் குறிகளாக மாற்றியதால் வந்த வினை இது. பேச்சில் 'வராவிட்டால்' என்னும் மறுப்பு முழுத் தொடரின் மீதும் கவிந்திருக்கிறது. நிரலிலோ அது இரண்டாக வெட்டப்பட்டு ஒவ்வொரு பகுதிக்குள்ளும் போய்விட்டது, நடுவில் இருந்த 'அல்லது' மட்டும் மாறாமல் நின்றுவிட்டது.

மறுப்பு அடைப்புக்குறிக்குள் நுழையும்போது 'அல்லது' என்பது 'மற்றும்' ஆகவும், 'மற்றும்' என்பது 'அல்லது' ஆகவும் மாற வேண்டும் என்பதே டி மார்கன் விதிகள். இந்த விதிகளுக்குப் பெயர் தந்த அகஸ்டஸ் டி மார்கன் 1806இல் மதுரையில் பிறந்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவருடைய தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் இருந்தார். குழந்தையாக இருந்தபோதே இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர், 1828இல், 22 வயதுகூட நிறையாத நிலையில், பின்னாளில் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி என்று பெயர் பெற்ற நிறுவனத்தில் கணிதப் பேராசிரியர் ஆனார். முறையான தருக்கத்தைப் பற்றிய அவருடைய நூலும், ஜார்ஜ் பூல் தருக்கத்தைக் கணிதமாக்கி எழுதிய முதல் நூலும் 1847 என்ற ஒரே ஆண்டில் வெளிவந்தன. விதிகளின் உள்ளடக்கம் அவருக்கு முன்பே, 14ஆம் நூற்றாண்டு ஐரோப்பியத் தருக்கவியலாளர்களால் சொற்களில் சொல்லப்பட்டிருந்தது. ஆனாலும் இன்று ஒவ்வொரு நிரலாளரும் அன்றாடம் கையாளும் வடிவம் அவர் பெயரால்தான் வழங்குகிறது (&& என்றால் 'மற்றும்'):

!(அ && ஆ) என்பது !அ || !ஆ
!(அ || ஆ) என்பது !அ && !ஆ

தமிழில் சிந்திப்பவர் இங்கே தனிக் கவனம் கொள்ள வேண்டும். "படிவமும் கட்டணமும் வந்தன" என்பதை மறுக்கச் சொன்னால், நம் நாவில் உடனே வருவது "படிவமும் கட்டணமும் வரவில்லை" என்பது. அதைக் கேட்பவர் இரண்டுமே வரவில்லை என்றுதான் புரிந்துகொள்வார். தருக்கப்படி அந்த மறுப்பின் பொருள் "இரண்டில் ஒன்றாவது வரவில்லை" என்பதாகும். 'உம்' என்னும் இடைச்சொல் மறுப்பு வினையோடு சேரும்போது அதன் பொருள் மாறிவிடுவதை நாம் கவனிப்பதில்லை, அந்தப் பழக்கம் !படிவம் && !கட்டணம் என்று நிரலிலும் வந்து அமர்ந்துவிடுகிறது. விளைவு, கட்டணம் மட்டும் வராத விண்ணப்பம் சத்தமில்லாமல் அடுத்த கட்டத்துக்கு நகர்கிறது.

இதற்கு நேர்மாறாக, நமக்கு உதவும் ஒன்றும் மொழியில் இருக்கிறது. 'அல்லது' என்ற சொல்லே 'அல்' என்னும் மறுப்பு வேரிலிருந்து பிறந்தது. "பேருந்து அல்லது ரயில்" என்னும்போது, பேருந்து அன்று எனில் ரயில் என்ற நிபந்தனை அந்தச் சொல்லுக்குள்ளேயே பொதிந்திருக்கிறது. தருக்கவியலும் அ || ஆ என்பதை "!அ எனில் ஆ" என்றே எழுதிக்காட்டும். சி வழிவந்த மொழிகளில் || இயங்கும் முறையும் இதுவே: இடப்பக்கம் பொய் என்று தெரிந்த பிறகுதான் வலப்பக்கம் பார்க்கப்படும். இந்த வரிசையால் ஒரு நடைமுறை விளைவும் உண்டு. பொருள் != வெறுமை && பொருள்.விலை > 100 என்ற நிபந்தனையை மறுத்து எழுதும்போது, பொருள் == வெறுமை || பொருள்.விலை <= 100 என்று அதே வரிசையில் எழுத வேண்டும். முன்பின்னாக மாற்றினால், இல்லாத பொருளின் விலையைக் கேட்டு நிரல் அங்கேயே விழும்.

மேலே > என்பதன் மறுப்பாக <= என்று எழுதினேன். முழு எண்களுக்கு அது சரி. தசம எண்களுக்கு அது எப்போதும் சரியாக இருப்பதில்லை என்பது அனுபவமுள்ள நிரலாளர்களையும் திகைக்கவைக்கும் செய்தி. கணினியில் தசம எண் கணக்குகளுக்காக 1985இல் வகுக்கப்பட்ட ஐட்ரிபிள்ஈ 754 தரத்தின்படி, சுழியைச் சுழியால் வகுப்பது போன்ற பொருளற்ற கணக்குகளுக்கு 'எண் அல்ல' என்ற ஒரு சிறப்பு மதிப்பு விடையாகக் கிடைக்கும். அந்த மதிப்பை எதனோடு பெரிதா, சிறிதா, சமமா என்று ஒப்பிட்டாலும், தன்னோடே சமமா என்று கேட்டாலும், பொய் என்றே விடை வரும். ஆகவே !(தொகை > 0) என்பதும் தொகை <= 0 என்பதும் பள்ளிக் கணக்கில் ஒன்றாக இருந்தாலும் கணினியில் ஒன்றல்ல: தொகை 'எண் அல்ல' என்றால் முதலாவது மெய், இரண்டாவது பொய். நிரலைக் கணினிக்கு ஏற்ற வடிவுக்கு மாற்றும் தொகுப்பிகள் ஒன்றை மற்றொன்றாகத் தாமாக மாற்றத் தயங்குவதற்கு இதுவே காரணம்.

தரவுத்தளங்களில் இந்த மூன்றாவது நிலை இன்னும் வெளிப்படையானது. எஸ்கியூஎல் மொழியில் ஒரு புலம் நிரப்பப்படாமல் 'நல்' ஆக இருந்தால், அதனோடு செய்யும் ஒப்பீட்டின் விடை மெய்யும் அன்று, பொய்யும் அன்று; அறியப்படாதது. அறியப்படாததை மறுத்தாலும் அறியப்படாததே கிடைக்கும். ஊர் மதுரை என்றுள்ள வாடிக்கையாளர்களை எண்ணி, பிறகு ஊர் மதுரை அல்ல என்றுள்ளவர்களை எண்ணிக் கூட்டினால், மொத்த வாடிக்கையாளர் எண்ணிக்கை வராமல் போகலாம். ஊர் நிரப்பப்படாதவர்கள் இரு பட்டியலிலும் இருக்க மாட்டார்கள். 'நாட் இன்' என்று ஒரு பட்டியலைத் தந்து அதில் இல்லாதவர்களைக் கேட்கும்போது, அந்தப் பட்டியலில் ஒரே ஒரு 'நல்' கலந்திருந்தாலும், ஒரு வரிகூடத் திரும்பி வராது. அறிக்கை வெற்றுத்தாளாக வரும். பிழைச்செய்தி எதுவும் வராது. கணக்குப் பார்ப்பவர் "அப்படி யாரும் இல்லை" என்று நம்பிவிடுவதுதான் இதிலுள்ள ஆபத்து.

குறிகளின் முன்னுரிமையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சி மொழியிலும் அதன் வழிவந்தவற்றிலும் ! தனக்கு மிக அருகில் இருப்பதையே பிடித்துக்கொள்ளும்; !அ == ஆ என்பது (!அ) == ஆ என்றே கொள்ளப்படும். பைத்தானின் 'நாட்' அப்படியல்ல; 'நாட் அ == ஆ' என்று எழுதினால் முழு ஒப்பீட்டையும் அது மறுக்கும். ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குப் போகிறவர் இங்கே தடுக்கி விழுவார். கொடியில் முகமூடி சுட்டும் பிட்டுகள் இல்லையா என்று கேட்க நினைத்து, !கொடி & முகமூடி என்று அடைப்பு இல்லாமல் எழுதப்பட்ட வழுக்கள் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருந்து, நிரலில் இத்தகைய அமைப்புகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் காக்சினெல் என்னும் கருவியின் துணையோடு திருத்தப்பட்டிருக்கின்றன. ஐயம் எழும் இடத்தில் அடைப்புக்குறி இட்டுவிடுவதே போதுமான மருந்து.

இதுவரை சொன்னவை எல்லாம் கணினி தவறாகப் புரிந்துகொள்ளும் இடங்கள். மனிதர் தவறாகப் படிக்கும் இடங்களும் அதே அளவு முக்கியமானவை. பிரிட்டனின் உளவியலாளர் பீட்டர் வேசன், 1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் நடத்திய சோதனைகளில், எதிர்மறை வாக்கியம் ஒன்று மெய்யா பொய்யா என்று முடிவுசெய்ய, உடன்பாட்டு வாக்கியத்துக்கு ஆவதைவிட மக்களுக்குக் கூடுதல் நேரம் ஆவதைக் காட்டினார். நிரல் படிப்பவர் இதை அன்றாடம் உணர்கிறார். தமிழ் வாக்கியத்தில் மறுப்பு பெரும்பாலும் கடைசியில், வினையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. சொல்லப்பட்டது எது என்று முழுதாகத் தெரிந்த பிறகே அதை மறுக்கிறோம். நிரலிலோ ! முதலில் வந்துவிடுகிறது, அடைப்புக்குள் இருக்கும் நீண்ட நிபந்தனையைப் படித்து முடிக்கும்வரை, அந்தச் சிறு குறியை நினைவில் சுமந்துகொண்டே போக வேண்டியிருக்கிறது.

சுமையைக் கூட்டுவது பெயர்கள். முடக்கப்படவில்லை என்று, மதிப்பைத் தாங்கும் ஒரு மாறிக்குப் பெயர் வைத்துவிட்டால், அடுத்த வாரமே யாராவது !முடக்கப்படவில்லை என்று எழுத நேரும். படிப்பவர் இரண்டு மறுப்புகளைக் கழித்துப் பார்த்த பிறகே பொருளை அடைவார். இயங்குகிறது என்ற உடன்பாட்டுப் பெயர் இருந்தால் இந்தத் தொல்லை எழாது. வலைப்பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் மொழியில் பொத்தானுக்கு 'டிசேபிள்ட்' என்ற எதிர்மறைப் பண்பு மட்டுமே இருக்கிறது. அந்தப் பண்பு எழுதப்பட்டிருப்பதே பொத்தானை முடக்கப் போதும் என்பதால், அதற்குப் 'பொய்' என்ற மதிப்பைக் கொடுத்தாலும் பொத்தான் முடங்கியே கிடக்கும். எத்தனை பேர் இதில் ஒரு மாலைப் பொழுதை இழந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். சி மொழியில் சரங்களை (எழுத்துத் தொடர்களை) ஒப்பிடும் செயற்கூறும் இதே வகைதான். இரு சரங்களும் சமம் என்றால் அது சுழியைத் திருப்பி அனுப்பும். ஆகவே 'சமம்' என்பதைச் சோதிக்க முன்னால் ! இட வேண்டும். கண் 'இல்லை' என்று படிக்கிறது, நிரல் 'ஆம்' என்கிறது. அந்த இடத்தில் == 0 என்று வெளிப்படையாக எழுதுவதையே நான் விரும்புகிறேன்.

பெர்ல், ரூபி என்னும் நிரல்மொழிகள் மறுப்பு நிபந்தனைக்கென்றே 'அன்லெஸ்' என்ற தனிச் சொல்லை வைத்திருக்கின்றன. ஒற்றை நிபந்தனையோடு, எல்ஸ் பகுதி, அதாவது 'இல்லையெனில்' என்னும் மாற்றுக் கிளை, இல்லாமல் வரும்போது அது படிக்க இயல்பாக இருக்கிறது. எல்ஸ் சேர்ந்தவுடன், மறுப்பின் மறுப்பு எது என்று படிப்பவர் நின்று யோசிக்க வேண்டியதாகிறது. ரூபி சமூகத்தின் நடைக் கையேடு அந்தச் சேர்க்கையைத் தவிர்க்கச் சொல்வதில் வியப்பில்லை. தமிழ்ச் சொற்களால் நிரல் எழுத வகைசெய்யும் எழில் மொழியில் எல்ஸ் பகுதிக்கு வழங்கும் சொல்லே 'இல்லை' என்பது. அது வெறும் மொழிபெயர்ப்பு வசதியாகத் தோன்றலாம். உண்மையில், ஒவ்வொரு எல்ஸும் எழுதப்படாத ஒரு மறுப்பு என்பதை அது நேராகச் சொல்லிவிடுகிறது. முதல் நிபந்தனை !தயார் என்று தொடங்கினால், எல்ஸ் பகுதி இரட்டை மறுப்பாகிறது. இரண்டு கிளைகளும் ஒத்த எடையுள்ளவை என்றால் உடன்பாட்டை முதலில் வைப்பதே படிப்பவருக்குச் செய்யும் உதவி.

அப்படியானால் மறுப்பையே தவிர்க்க வேண்டுமா என்றால், இல்லை. செயற்கூற்றின் தொடக்கத்தில், தகுதியற்றதை உடனே திருப்பி அனுப்பும் காவல் வரிகள் மறுப்புக்கு மிகப் பொருத்தமான இடம். ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழியில் 2015இல் சேர்க்கப்பட்ட 'கார்டு' கூற்று இதற்காகவே உருவானது: தேவையான நிபந்தனையை உடன்பாட்டில் எழுதுகிறோம், அது நிறைவேறாவிட்டால் வெளியேறு என்பதை மொழியே பார்த்துக்கொள்கிறது. இதன் பின்னுள்ள எண்ணம் பழையது. ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975இல் கணினித் தகவல் பாதுகாப்பு பற்றி எழுதிய ஆய்வுக்கட்டுரையில், யார் எதை அணுகலாம் என்று தீர்மானிப்பது விலக்கின் அடிப்படையில் அல்லாமல் அனுமதியின் அடிப்படையில் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தினர். "தடுக்கப்பட்டவர் அல்ல எனில் திற" என்னும் நிபந்தனை, நாம் நினைத்துப் பார்க்காத எல்லோருக்கும் கதவைத் திறக்கிறது. "அனுமதிக்கப்பட்டவர் அல்ல எனில் மூடு" என்பது, நினைத்துப் பார்க்காத எல்லோருக்கும் மூடுகிறது. இரண்டிலும் ஒரு 'அல்ல' உண்டு. மீதி எல்லாம் எந்தப் பக்கம் போய் விழுகிறது என்பதில்தான் வேறுபாடு.

ஓப்பன்எஸ்எஸ்எல் வழுவை இந்தக் கண்ணோடு திரும்பப் பார்த்தால், அங்கே குற்றம் ! குறியின் மீது இல்லை என்பது தெரியும். !(விடை == 1) எனில் நிராகரி என்று எழுதியிருந்தால், -1 மட்டுமன்றி, நாளை யாராவது புதிதாகச் சேர்க்கும் 2, 7 போன்ற விடைகளும் நிராகரிப்பின் பக்கமே விழுந்திருக்கும். 2014 மார்ச்சில் க்னூடிஎல்எஸ் என்னும் மற்றொரு பாதுகாப்புத் தொகுப்பில் வெளிப்பட்ட வழுவும் இதே குடும்பம்தான்: ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டிய செயற்கூறு, கோளாறு நேர்ந்தபோது எதிர்மறை எண்ணைத் திருப்பி அனுப்பியது, சுழி அல்லாத அந்த எண் 'ஆம்' ஆகிப்போனது.

தசமத் தொகைகளைச் சோதிக்கும் இடத்தில் நான் இன்றும் !(தொகை > 0) எனில் நிராகரி என்றே எழுதுகிறேன். அதைத் தொகை <= 0 என்று சுருக்கச் சொல்லும் கருவிகளும் சக நிரலாளர்களும் உண்டு, கண்ணுக்கு அதுவே அழகு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுருக்கிய மறுகணமே 'எண் அல்ல' என்னும் மதிப்பு உள்ளே வர வழி கிடைத்துவிடும். ஆகவே அந்த வரிக்கு மேலேயே, ஏன் இப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு குறிப்பு எழுதிவைக்கிறேன். அந்த மதிப்பை உள்ளிட்டு நிராகரிக்கப்படுகிறதா என்று பார்க்கும் ஒரு சோதனையையும் உடன் சேர்க்கிறேன், அடுத்து வருபவர் குறிப்பைப் படிக்காமல் சுருக்கினாலும் சோதனை அவரை நிறுத்தும்படியாக.